இன்சுலின் போட்டும் பூனைக்குச் சர்க்கரை ஏன் ஏறி இறங்குகிறது?

நீங்கள் எழுதியதைச் சுருக்கினால் விஷயம் இதுதான். சோமு, பத்து வயது, கருத்தடை செய்த ஆண் பூனை, 6 கிலோ. இரண்டு மாதமாக லாண்டஸ் இன்சுலின், காலை 2 யூனிட், மாலை 2 யூனிட். திங்கள் காலை ஊசிக்கு முன் சர்க்கரை 390, மதியம் 110. செவ்வாய் எப்போது பார்த்தாலும் 350க்கு மேல். வியாழன் மாலை ஊசிக்கு முன்பே 160. ஊசி அதே, சாப்பாடு அதே, நேரமும் அதே, அப்புறம் ஏன் இப்படி ஆடுகிறது, டோஸைக் கூட்டலாமா என்பது கேள்வி.

கூட்ட வேண்டாம், இப்போதைக்கு. செவ்வாய்க்கிழமை 350ஐப் பார்த்துவிட்டுக் கூட்டியிருந்தால் வியாழன் மாலை என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். இன்சுலின் போடும் பூனைகள் ஆபத்தில் மாட்டுவது பெரும்பாலும் சர்க்கரை கூடியதால் இல்லை, கூடியதைப் பார்த்துப் பயந்து அவசரமாக டோஸை ஏற்றியதால்தான். 350 ஓரிரு நாள் இருந்தால் பூனை நிறையத் தண்ணீர் குடிக்கும், நிறைய மூத்திரம் போகும், அவ்வளவுதான். 35 என்றால் ஒரு மணி நேரத்தில் வலிப்பு வந்துவிடலாம்.

முதலில் திங்கட்கிழமையை எடுத்துக்கொள்வோம், அதில் குழப்பமே இல்லை. ஊசிக்கு முன் எடுக்கும் அளவு என்பது முந்தைய ஊசியின் வேலை முடிகிற நேரத்து அளவு, பன்னிரண்டு மணி நேரத்தில் அதுதான் பெரும்பாலும் உச்சம். மதியம் என்பது இன்சுலின் முழு மும்முரமாக வேலை செய்யும் நேரம். மனிதருக்கு ஒரு நாள் முழுக்கத் தாங்கும் லாண்டஸ் பூனைக்கு ஏறக்குறைய அரை நாள்தான் தாங்கும், அதனால்தான் இரண்டு வேளை போடுகிறோம். ஆக 390ம் 110ம் ஒன்றுக்கொன்று முரண் இல்லை, நாள் போக்கில் சர்க்கரை ஏறி இறங்கும் ஒரே வளைவின் மேல்முனையும் கீழ்முனையும். டோஸ் சரியா இல்லையா என்பதைக் கீழ்முனையை வைத்துத்தான் முடிவு செய்வார்கள், அது 80க்கும் 150க்கும் இடையில் இருந்தால் நல்லது. (எண்கள் எல்லாம் டெசிலிட்டருக்கு மில்லிகிராம்.) உங்கள் 110 அழகாக நடுவில் நிற்கிறது. காலையில் ஒரு தடவை, மாலையில் ஒரு தடவை ஊசிக்கு முன் மட்டும் பார்த்துவிட்டு “சர்க்கரை கட்டுக்குள் வரவே மாட்டேன் என்கிறது” என்று தவிக்கிறவர்கள் நிறையப் பேர், அவர்கள் வளைவின் உச்சியை மட்டுமே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

செவ்வாய்க்கிழமைதான் சிக்கல். இதற்கு ஒரு காரணம் இல்லை, பல காரணங்கள் ஒன்றின் மேல் ஒன்று ஏறி உட்கார்ந்திருக்கும்.

எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது, எந்தத் தவறும் நடக்காமலேயே வருகிற ஆட்டம். 2007ல் சூரிச் பல்கலைக்கழகத்துக் கால்நடை மருத்துவர்கள் வெளியிட்ட ஆய்வில், வீட்டிலேயே வைத்து, அதே டோஸ், அதே தீனி கொடுத்து, அடுத்தடுத்த நாட்களில் எடுத்த வளைவுகளே ஒன்றுக்கொன்று கணிசமாக வேறுபட்டன. தோலுக்கடியில் போடும் இன்சுலின் தினமும் ஒரே வேகத்தில் ரத்தத்தில் சேராது. லாண்டஸ் பாட்டிலுக்குள் அமிலத்தன்மையோடு தெளிவாக இருக்கும், உடம்புக்குள் போனதும் அந்த அமிலம் தணிந்து நுண்ணிய படிகங்களாக உறைந்து, வாயில் போட்ட கல்கண்டு மாதிரி கொஞ்சம் கொஞ்சமாகக் கரையும். கரையும் வேகம் அந்த இடத்து ரத்த ஓட்டத்தைப் பொறுத்தது. பூனை வெயிலில் படுத்திருந்ததா, பல்லியைத் துரத்திக்கொண்டு ஓடியதா, உடம்பில் நீர்ச்சத்து குறைந்திருக்கிறதா என்பதெல்லாம் இதில் சேரும். பிடரியைத் தூக்கிப் பிடித்து அங்கேயே போடுவது பழக்கம், ஆனால் அந்த இடத்தில் ரத்த ஓட்டம் குறைவு. விலாப் பக்கம், இடுப்புக்கு மேல் என்று மாற்றி மாற்றிப் போட்டால் கொஞ்சம் சீராகும் என்பது என் அனுபவமும்கூட.

அடுத்தது ஊசி போடும் கை. லாண்டஸில் 2 யூனிட் என்பது 0.02 மில்லி, ஒரு சொட்டில் பாதிகூட இல்லை. இவ்வளவு சின்ன அளவில், சிரிஞ்சில் கோட்டுக்குக் கொஞ்சம் மேலே கொஞ்சம் கீழே என்றாலே கால்வாசி வித்தியாசம் வந்துவிடும். ஒரு குட்டிக் காற்றுக் குமிழி போதும், அரை யூனிட்டைத் தின்றுவிடும். 1 மில்லி சிரிஞ்சை வைத்து 2 யூனிட் எடுக்காதீர்கள், 0.3 மில்லி சிரிஞ்ச், அதிலும் அரை யூனிட் கோடு போட்டது, கேட்டு வாங்குங்கள். வெளிச்சத்தில், கண் மட்டத்துக்குத் தூக்கிப் பார்த்து எடுங்கள். வீட்டில் இரண்டு பேர் மாற்றி மாற்றிப் போடுகிறீர்கள் என்றால் இருவரும் கோட்டை ஒரே மாதிரி படிக்கிறீர்களா என்று ஒருநாள் சேர்ந்து உட்கார்ந்து பாருங்கள், ஒருவர் ரப்பரின் மேல் விளிம்பையும் இன்னொருவர் நடுவையும் பார்ப்பது சகஜம்.

சிரிஞ்ச் மூடியின் நிறத்தையும் பாருங்கள். நம் ஊர் மருந்துக் கடைகளில் இரண்டு வகை கிடைக்கும், சிவப்பு மூடி யூ-40, ஆரஞ்சு மூடி யூ-100. லாண்டஸ் ஒரு மில்லிக்கு 100 யூனிட். அதை சிவப்பு மூடி சிரிஞ்சில் 2 என்ற கோடு வரை எடுத்தால் உள்ளே போவது 2 இல்லை, 5 யூனிட். கேனின்சுலின், ப்ரோசிங்க் போன்ற மிருகங்களுக்கான இன்சுலின்கள் மில்லிக்கு 40 யூனிட், அவற்றை ஆரஞ்சு மூடியில் எடுத்தால் 2க்குப் பதில் 0.8 யூனிட்தான் போகும். கடைக்காரர் ஒரு வாரம் சிவப்பும் அடுத்த வாரம் ஆரஞ்சும் கொடுத்து, வாங்கியவர் கவனிக்காமல் விட்டால் சர்க்கரை ஆடாமல் என்ன செய்யும்? லாண்டஸில் இருக்கும் இன்சுலினின் பெயர் கிளார்ஜின், டூஜியோ என்று அந்தக் கிளார்ஜினிலேயே மில்லிக்கு 300 யூனிட் உள்ளதும் உண்டு, அதை சிரிஞ்சில் உறிஞ்சவே கூடாது.

அப்புறம், ஊசி உண்மையிலேயே தோலுக்குள் போனதா? தூக்கிப் பிடித்த தோலில் ஒரு பக்கம் குத்தி மறு பக்கம் வெளியே வந்து, மருந்து முழுக்க முடியில் இறங்கிவிடுவது அடிக்கடி நடக்கும், அடர்ந்த முடி உள்ள பூனைகளில் சொல்லவே வேண்டாம். போட்ட இடத்தை உடனே விரலால் தடவி மோந்து பாருங்கள். இன்சுலினில் கலந்திருக்கும் கெடாப்பொருளுக்கு ஒரு ஆஸ்பத்திரி வாசனை உண்டு, முடி ஈரமாக அந்த வாசனை அடித்தால் மருந்து வெளியே போயிருக்கிறது என்று அர்த்தம். எவ்வளவு வெளியே போனது என்று தெரியாது என்பதால் மறுபடி போடக் கூடாது, அந்த வேளையை விட்டுவிட்டு அடுத்த ஊசி நேரம் வரை காத்திருக்க வேண்டும். செவ்வாய் முழுக்க 350 என்பதற்கு என் முதல் சந்தேகம் இதுதான், திங்கள் இரவு ஊசியோ செவ்வாய்க் காலை ஊசியோ முடிக்குப் போயிருக்கலாம்.

மருந்தின் நிலையையும் பாருங்கள். 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும், உறையக் கூடாது. ஃப்ரீசர் பெட்டிக்கு ஒட்டி வைத்தால் உறையும், ஒரு தடவை உறைந்த இன்சுலின் திரும்ப உருகினாலும் குப்பைக்குத்தான். மே மாதத்தில் கரண்ட் போய் நாள் முழுக்க ஃப்ரிட்ஜ் வெந்துகொண்டிருந்தால் பாட்டிலைச் சந்தேகப்படலாம். லாண்டஸ் எப்போதும் தண்ணீர் மாதிரி தெளிவாக இருக்க வேண்டும், கலங்கினால் தூக்கிப் போடுங்கள், குலுக்காதீர்கள், எதோடும் கலக்காதீர்கள். கேனின்சுலினுக்கு நேர் எதிர், அதைப் பால் போல ஆகும்வரை நன்றாகக் குலுக்கித்தான் எடுக்க வேண்டும். ஒரு பூனைக்காரர் சொன்னார் என்று இன்னொருவர் கேட்டு மாற்றிச் செய்வது இந்த விஷயத்தில் நிறைய.

இனி கருவி. நாம் வீட்டில் அப்பா அம்மாவுக்கு வைத்திருக்கும் குளுக்கோமீட்டர் பூனை ரத்தத்தில் பெரும்பாலும் உண்மையைவிடக் குறைவாகக் காட்டும், காரணம் சர்க்கரை சிவப்பணுவுக்குள் எவ்வளவு, வெளியே எவ்வளவு என்ற பங்கீடு மனிதருக்கும் பூனைக்கும் வேறு. ஆல்ஃபாட்ராக் போன்றவை மிருகங்களுக்கென்றே அளவு திருத்தப்பட்டவை. மனிதர் கருவியைப் பயன்படுத்தலாம், தப்பில்லை, ஆனால் ஒன்றையே பயன்படுத்துங்கள், இன்று இது நாளை அது என்று மாற்றினால் இல்லாத ஏற்ற இறக்கம் தெரியும். தரமான கருவிக்கே 15 சதவீதம் முன்பின் இருக்கலாம் என்று சர்வதேசத் தரநிலை அனுமதிக்கிறது, அதாவது 300ம் 340ம் ஒன்றுதான் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஸ்ட்ரிப் டப்பாவைத் திறந்து போட்டால் கடலோர ஊர்களில் ஈரக்காற்று பட்டே கெட்டுவிடும். நம்ப முடியாத எண் வந்தால் இன்னொரு ஸ்ட்ரிப் போட்டு உடனே திரும்பப் பாருங்கள், காசைப் பார்க்காதீர்கள்.

பயமும் சர்க்கரையைத் தூக்கும், பூனைக்கு இது மற்ற மிருகங்களைவிட அதிகம். கூடையில் அடைத்து, பைக்கில் வைத்து, நாய் குரைக்கும் கிளினிக்கில் காத்திருந்து, நாலு பேர் பிடித்து ரத்தம் எடுத்தால் சர்க்கரை நோயே இல்லாத பூனைக்குக்கூட 300ஐத் தாண்டும். கிளினிக்கில் எடுத்த ஒற்றை அளவை வைத்து டோஸ் மாற்றினால் எனக்கு ஒப்புக்கொள்ள முடியாது, அதற்கு வீட்டு அளவுகள் வேண்டும், இல்லையென்றால் கடந்த ஓரிரு வாரச் சராசரியைக் காட்டும் ஃப்ரக்டோசமைன் பரிசோதனையாவது வேண்டும். வீட்டிலும் பயம் உண்டு. தீபாவளி வாரத்து அளவுகளை எந்த முடிவுக்கும் எடுத்துக்கொள்ளாதீர்கள். ஊசி குத்தும்போது திமிறிச் சண்டை போட்டிருந்தால் அதையும் எண்ணுக்குப் பக்கத்தில் எழுதி வையுங்கள்.

சாப்பாடு “அதே” என்கிறீர்கள். உங்கள் வீட்டில் அதே, சரி. சோமு வெளியே போகுமா? பக்கத்து வீட்டுப் பாட்டி கருவாட்டுச் சோறு வைப்பார், எதிர்வீட்டுக் குழந்தை பிஸ்கட் போடும், அது உங்கள் கணக்கில் வராது. பூனை முழு மாமிசப் பிராணி, மாவுச்சத்து வந்தவுடன் மும்முரமாகப் பிடித்து வைக்கும் குளுக்கோகைனேஸ் என்ற நொதி அதன் கல்லீரலில் மிகக் குறைவு, அதனால் சோறோ உலர் தீனியோ சாப்பிட்டால் ஏறுகிற சர்க்கரை நிதானமாக, பல மணி நேரம் நீண்டு ஏறும். உலர் தீனிகளில் பலவற்றில் மாவுச்சத்திலிருந்து வரும் கலோரி மூன்றில் ஒரு பங்குகூட இருக்கும், சர்க்கரைப் பூனைக்கு 10, 12 சதவீதத்துக்குள் வேண்டும் என்பார்கள். ஈரத் தீனி எல்லாம் நல்லது என்றும் இல்லை, கிரேவி வகைகளில் கெட்டியாவதற்கு மாவு சேர்த்திருப்பார்கள். ஆனால் இதைப் படித்துவிட்டு நாளைக் காலையே உலர் தீனியை நிறுத்தி அவித்த மீனுக்கு மாற்றிவிடாதீர்கள்! தீனியை மாற்றினால் சர்க்கரை சட்டென்று இறங்கும், அதே 2 யூனிட் அன்றைக்கு அதிகமாகிவிடும். மருத்துவரிடம் சொல்லி, டோஸைக் குறைத்து, தினமும் அளந்துகொண்டேதான் மாற்ற வேண்டும்.

செவ்வாய் கதைக்கு இன்னொரு விளக்கம் யாராவது உங்களுக்குக் கட்டாயம் சொல்வார்கள், சோமோகி விளைவு என்று. அமெரிக்காவில் வேலை செய்த ஹங்கேரிய வேதியியலாளர் மைக்கேல் சோமோகி 1930களில் சொன்னது. இன்சுலின் அதிகமாகிச் சர்க்கரை மிகவும் இறங்கினால் உடம்பு பயந்து குளுக்ககான், அட்ரினலின், கார்ட்டிசோல் என்ற ஹார்மோன்கள் எல்லாவற்றையும் அவிழ்த்துவிடும், கல்லீரல் சேமித்த சர்க்கரையைக் கொட்டும், அளவு 400க்கு எகிறி மணிக்கணக்கில் நிற்கும். இது உண்மையிலேயே நடக்கும். ஆனால் எந்த உயர்ந்த எண்ணைப் பார்த்தாலும் “இது சோமோகி” என்று முத்திரை குத்துவது வழக்கமாகிவிட்டது. கிளார்ஜின் போடும் பூனைகளின் வீட்டு அளவீடுகளை அலசிப் பார்த்ததில் அந்த மாதிரி எகிறல் மிக அரிதாகத்தான் தென்பட்டது. சோமுவுக்கு அப்படி இருக்குமா என்று அறிய ஒரே வழி, ஒரு இரவு முழித்திருந்து மாலை ஊசிக்கு 4, 6, 8 மணி நேரம் கழித்து அளப்பது. பூனைகள் சிலவற்றுக்கு இரவில் பகலைவிட அதிகமாக இறங்கும், நாம் தூங்கிக்கொண்டிருப்போம்.

வியாழன் மாலை 160தான் எனக்குச் சுவாரசியமாகப் படுகிறது. பூனை நீரிழிவு பெரும்பாலும் மனிதரின் இரண்டாம் வகையைப் போன்றது, கணையம் முழுக்கச் சாகவில்லை, தொடர்ந்து உயர்ந்த சர்க்கரையில் ஊறி மயங்கிக் கிடக்கிறது. சர்க்கரை சில வாரங்கள் கட்டுக்குள் இருந்தால் அது கண் விழித்துத் தானும் கொஞ்சம் இன்சுலின் சுரக்கத் தொடங்கும், ஒரு நாள் சுரக்கும் ஒரு நாள் சோம்பும், அந்தக் கட்டத்தில் எண்கள் தாறுமாறாகத்தான் இருக்கும். 2009ல் ரூம்ப், ராண்ட் என்ற ஆய்வாளர்கள் இருவரும் வெளியிட்ட ஆய்வில், வீட்டிலேயே அளந்து கிளார்ஜினால் கறாராகக் கட்டுப்படுத்திய பூனைகளில், நோய் கண்டுபிடித்த ஆறு மாதத்துக்குள் தொடங்கியவற்றில் 84 சதவீதம் இன்சுலினே தேவைப்படாத நிலைக்கு வந்தன, தாமதித்தவற்றில் 35 சதவீதம். சோமுவுக்கு இரண்டு மாதம்தான் ஆகிறது. ஒரு 160ஐ வைத்து அப்படித்தான் என்று சொல்ல முடியாது, ஆனால் ஊசிக்கு முந்தைய அளவு மறுபடியும் மறுபடியும் 200க்குக் கீழே வந்தால் டோஸைக் குறைக்கும் பேச்சுதான் எடுக்க வேண்டும். 160 இருக்கும்போது வழக்கமான 2 யூனிட்டைக் கண்ணை மூடிக்கொண்டு போடாதீர்கள், தீனி கொடுத்து ஒரு மணி நேரம் கழித்து மறுபடி அளந்து பாருங்கள், ஏறுகிறதா என்று தெரிந்த பிறகு மருத்துவரைக் கேட்டுப் போடுங்கள்.

இதையெல்லாம் சரி பார்த்த பிறகும் பல வாரம் 300க்கு மேலேயே நின்று, டோஸ் மட்டும் ஏறிக்கொண்டே போய் வேளைக்கு 6 யூனிட்டையும் தாண்டினால், இன்சுலினை ஏதோ ஒன்று எதிர்க்கிறது. பல்லைப் பாருங்கள் முதலில், சீழ் பிடித்த ஒரு பல் போதும். மூத்திரத் தொற்று, கணைய அழற்சி, தைராய்டு எல்லாம் பரிசோதிக்க வேண்டும். அரிப்புக்கு என்று யாராவது ஸ்டீராய்டு ஊசி போட்டார்களா, நீடித்து வேலை செய்யும் வகை என்றால் அதன் தாக்கம் வாரக்கணக்கில் நிற்கும். அக்ரோமெகலி என்ற, வளர்ச்சி ஹார்மோன் மிகையாகச் சுரக்கும் நோயை அரிது என்றுதான் நெடுநாள் நினைத்தார்கள், லண்டன் ராயல் வெட்டரினரி கல்லூரி 2015ல் வெளியிட்ட ஆய்வு சர்க்கரைப் பூனைகளில் நாலில் ஒன்றுக்கு அது இருக்கலாம் என்றது. ஐ.ஜி.எஃப்-1 என்ற ரத்தப் பரிசோதனையில் பிடிபடும். 2 யூனிட்டில் 110 வரை இறங்கும் சோமுவுக்கு இது எதுவும் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

இந்த வாரம் செய்ய வேண்டியது, டோஸை அப்படியே வைத்துவிட்டு ஒரு நாள் முழு வளைவு எடுப்பது. தோலுக்கடியில் சேர்ந்திருக்கும் மருந்து ஒரு நிலைக்கு வர லாண்டஸுக்குச் சில நாள் ஆகும், அதனால்தான் எந்த மாற்றத்துக்கும் ஐந்து முதல் ஏழு நாள் அவகாசம் கொடுப்பார்கள். காலை ஊசிக்கு முன் ஒன்று, பிறகு இரண்டு மணிக்கு ஒருமுறை, மாலை ஊசி வரை. காதின் வெளி விளிம்பை ஒட்டி ஓடும் நரம்பு வெளிச்சத்தில் தெரியும், அதற்கும் விளிம்புக்கும் நடுவில் குத்த வேண்டும். வெதுவெதுப்பான துணியை அரை நிமிடம் காதில் ஒற்றி எடுங்கள், பஞ்சுருண்டையைக் காதுக்கு உட்புறம் பிடித்துக்கொள்ளுங்கள், குத்தும் இடத்தில் துளி வாசலின் தடவினால் ரத்தம் முடியில் பரவாமல் முத்தாக நிற்கும். ஒவ்வொரு தடவையும் முடிந்தவுடன் ஒரு துண்டு அவித்த கோழி கொடுங்கள், நாலாவது தடவையில் அதுவாகவே வந்து உட்காரும். குத்தவே விடாத பூனை என்றால் தோலில் ஒட்டியபடியே சர்க்கரையைத் தொடர்ந்து அளக்கும் ஃப்ரீஸ்டைல் லிப்ரே சென்சார் ஒட்டலாம், மனிதருக்குப் பதினாலு நாள் நிற்பது பூனையிடம் பல நேரம் அதற்குள் கழன்றுவிடும், இருந்தாலும் இரவு வளைவும் சேர்த்துக் கிடைக்கும்.

எண்களோடு பூனையையும் பாருங்கள். எடை கூடுகிறதா, தண்ணீர்க் கிண்ணம் முன்புபோலச் சீக்கிரம் காலியாகிறதா, பின்னங்கால் குதிகால் தரையில் பட நடந்தது என்றால் அது நிமிர்கிறதா? சர்க்கரை ஏறக்குறைய 270ஐத் தாண்டினால்தான் பூனைக்கு மூத்திரத்தில் இறங்கும், ஆகவே மணல் தட்டில் கட்டிகள் சின்னதாகிக்கொண்டே வந்தால் நாளின் பெரும்பகுதி அதற்குக் கீழேதான் ஓடுகிறது.

அவசரத்துக்கு இரண்டு விஷயம். தள்ளாடினாலோ, நடுங்கினாலோ, வெறித்துப் பார்த்தாலோ, கருவியில் 60க்குக் கீழே வந்தாலோ உடனே தீனி கொடுங்கள், தின்னாவிட்டால் தேனோ கெட்டியாகக் கரைத்த குளுக்கோஸோ விரலில் தொட்டு ஈறில் தடவுங்கள், வலிப்பு இருக்கும்போது வாய்க்குள் எதையும் ஊற்றாதீர்கள், தடவிக்கொண்டே மருத்துவரிடம் கிளம்புங்கள். இரண்டாவது, சாப்பிடாமல் வாந்தி எடுத்துச் சோர்ந்து கிடந்தால், சர்க்கரை எவ்வளவு இருந்தாலும் கீட்டோன் (இன்சுலின் போதாமல் உடம்பு கொழுப்பை எரிக்கும்போது சேரும் அமிலப்பொருள்) பார்க்க வேண்டும். அந்த நேரத்தில் ஊசி போடுவதா விடுவதா என்பதை நீங்களாக முடிவு செய்யாமல் அன்றே கூட்டிக்கொண்டு போங்கள், மறுநாள் வரை வைக்காதீர்கள்.

வளைவு எடுத்ததும் அளவுகளை நேரத்தோடு எழுதி அனுப்புங்கள், கூடவே எந்தத் தீனி, எத்தனை கிராம், சிரிஞ்ச் மூடி என்ன நிறம் என்பதையும். மூடியை இப்போதே போய்ப் பார்த்துவிடுங்கள்.